கத்திக்கு வக்காலத்து, ஆனா முழுசா இல்ல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழம நம்ம பேப்பர்ல சவரத்த பத்தி ஒரு முழு பக்கம் போட்டிருந்தீங்க, அந்த காலத்து மடக்கு கத்திதான் பெஸ்ட்டு, யூஸ் அண்ட் த்ரோ ரேசரையெல்லாம் தூக்கி எறிஞ்சிட்டு ஆம்பளைங்க எல்லாம் கத்திக்கு திரும்பணும்னு. நம்ம பேப்பர்தான் என் கடையில வாங்குறது, அதனால அன்னிக்கி காலைல 7 மணிலேருந்து சேர்ல உக்காந்த ஒவ்வொருத்தரும் அத மடியில விரிச்சி வச்சிக்கிட்டு ஏம்ப்பா நீ என்ன சொல்றன்னு எங்கிட்ட கேட்டுட்டே இருந்தாங்க. மூஞ்சி பூரா நுரையோட இருக்கவருக்கு பதில் சொன்னா அவரு திரும்ப பேசுவாரு, பேசுனா தாடை ஆடும், கையில கத்தி இருக்கு, அதனால யாருக்கும் ஒண்ணும் சொல்லாம சிரிச்சி வச்சேன். இன்னிக்கி செவ்வாக்கெழம, கடை லீவு. மகன் போன்ல தமிழ் டைப்பிங் போட்டு குடுத்திருக்கான், உக்காந்து அடிக்கிறேன், தப்பு இருந்தா திருத்திக்குங்க.

எனக்கு இந்த தொழில்ல 31 வருஷம் ஆச்சி. அப்பாவுக்கு அதே கடை, தாத்தாவுக்கு கடை கிடையாது, வீடு வீடா போயி திண்ணையில உக்காந்து செய்வாரு, வருஷத்துக்கு ஒருவாட்டி களத்துல நெல்லு அளப்பாங்க, அவ்ளோதான் சம்பளம். அதனால கத்திய பத்தி பேச எனக்கு கொஞ்சம் உரிமை இருக்குன்னு நெனக்கிறேன்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். கட்டுரையில எழுதியிருந்த கத்தி வேற, பக்கத்துல போட்டிருந்த போட்டோவுல இருக்க கத்தி வேற. போட்டோவுல இருந்தது இப்ப எங்க கையில எல்லாம் இருக்குற பிளேடு மாட்டுற கத்தி. ரெண்டு பக்கமும் வெட்டுற பிளேட கவரோடயே நீளவாக்குல மடக்கி டக்குனு ஒடச்சா ரெண்டு பாதியாவும், அதுல ஒரு பாதிய கத்தியில சொருகி, சேவிங் முடிஞ்சதும் உருவி போட்டுருவோம். இத பாத்துட்டு பழைய கத்தின்னு நெனக்கிறது, எவர்சில்வர் குடத்த பாத்துட்டு பித்தளைங்கிற மாதிரி. நெசமான மடக்கு கத்தி ஒரே இரும்பு, ரெண்டு பக்கமும் குழிவா சாணை புடிச்சி முதுகு மட்டும் தடிப்பா இருக்கும், பிடி ரெண்டு பட்டையா இருக்கும், கத்தி அதுக்குள்ள போயி படுத்துக்கும். எங்கப்பா வச்சிருந்ததுல சோலிங்கன், ஜெர்மனின்னு பொறிச்சிருக்கும். அந்த ஊரும் இங்கிலாந்துல ஷெஃபீல்டும்தான் அந்த காலத்துல கத்திக்கு பேர் போன ஊரு. ஒரு கத்தி ஒரு மனுஷன் ஆயுசுக்கு வரும், ஆனா தானா வராது, தினமும் அத தீட்டணும், அங்கதான் கட்டுரை எழுதுனவரு சும்மா ஒரு வரியில தாண்டி போயிட்டாரு.

கடையில கண்ணாடி பக்கத்து ஆணியில தோல்வார் ஒண்ணு தொங்கும். அப்பா எடது கையால அத இழுத்து புடிச்சிக்கிட்டு, கத்திய படுக்க வச்சி, முதுகு முன்னாடி போக கூர் பின்னாடி வர்ற மாதிரி இழுப்பாரு, வாரோட கடைசிக்கு வந்ததும் கத்திய தூக்க மாட்டாரு, முதுகு மேலயே உருட்டி திருப்பி மறுபக்கம் இழுப்பாரு. சளக் சளக்னு ஒரு சத்தம் வரும், கொறஞ்சது 30 தடவ. தூக்கி திருப்புனா கூர் வார்ல பட்டு வாரும் போச்சி கத்தியும் போச்சி. நான் பழகுறப்ப மூணு எடத்துல வார கீறி வாங்குன அடி இன்னும் ஞாபகம் இருக்கு. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா வார் போதாது, கல்லுல வைக்கணும். கத்திய வெளிச்சத்துல காட்டி ஒரு கண்ண மூடிக்கிட்டு பாத்துட்டு "பல்லு விழுந்துருச்சிடா"ன்னு சொல்லுவாரு. எங்களுக்கு ஒண்ணும் தெரியாது, கூர் நேராத்தான் இருக்கும்.

அவரு சொன்னது எவ்ளோ கரெக்ட்டுன்னு எனக்கே பின்னாடிதான் தெரிஞ்சிச்சி. 2020ல அமெரிக்காவுல எம்ஐடிங்கிற யுனிவர்சிட்டியில ஆராய்ச்சி பண்ணி சயின்ஸ் பத்திரிகையில போட்டாங்க, மகன் படிச்சி காட்டுனான். முடி, பிளேடு இரும்ப விட 50 மடங்கு மிருதுவானது, அப்பறம் எப்படி இரும்பு மழுங்குதுன்னு மைக்ராஸ்கோப்புல வச்சி பாத்திருக்காங்க. தேய்ஞ்சி போறதால மட்டும் இல்லயாம், கூர்ல சில எடத்துல முடி சாய்வா படுறப்ப குட்டி குட்டியா சில்லு பேந்துருதாம். பல்லு விழுந்துருச்சின்னு அப்பா சொன்னது இதத்தான. அவரு மூணாங்கிளாஸ்.

சரி அப்ப அந்த கத்தி ஏன் போச்சி? ஃபேஷன் மாறி போச்சின்னு கட்டுரையில எழுதியிருந்தாங்க. எங்க கடையில அது ஃபேஷனால போகல, பயத்தால போச்சி. நம்ம நாட்டுல எச்ஐவிய மொதமொதல்ல கண்டுபுடிச்சது சென்னையில, 1986ல. 90கள்ல ஊர் ஊரா எய்ட்ஸ் விளம்பரம் வந்திச்சி, பஸ் ஸ்டாண்டுல செவுத்துல எல்லாம், அதுல ஊசி படம் போட்ட எடத்துல கத்தி படமும் போட்டாங்க. அதுக்கு முன்னாடி ஒரே கத்தியில 20 பேருக்கு செய்வோம், நடுவுல டெட்டால் தண்ணியில ஒரு முக்கு, தோள்ல கெடக்குற துண்டுல ஒரு தொட. பெருமைக்கு சொல்லல, அப்ப அவ்ளோதான் தெரியும். தெனமும் வர்ற வாத்தியார் ஒருத்தரு ஒரு நாளு சட்டப்பையிலேருந்து சொந்தமா ஒரு பிளேடு எடுத்து டேபிள்ல வச்சாரு, ஒண்ணும் பேசல. அப்பா அன்னிக்கி சாயங்காலமே பிளேடு மாட்டுற கத்தி ரெண்டு வாங்கிட்டு வந்துட்டாரு. பழச துணியில சுத்தி பீரோவுல வச்சவருதான், அப்பறம் அத வெளிய எடுக்கவே இல்ல.

சவரத்துல எச்ஐவி பரவுறது ரொம்ப ரொம்ப அபூர்வம்னு பின்னாடி டாக்டருங்க சொன்னாங்க. ஆனா மஞ்சக்காமாலையில பி வகை இருக்கே, அந்த கிருமி ஒடம்புக்கு வெளியில காஞ்ச ரத்தத்துலயே 7 நாள் வரைக்கும் உசுரோட இருக்கும், அதுக்கு கண்ணுக்கு தெரியாத ஒரு கீறல் போதும். அதனால ஒருத்தருக்கு போட்ட கத்திய இன்னொருத்தருக்கு போடக்கூடாதுங்கிறதுல எனக்கு ரெண்டு பேச்சு கிடையாது. திருப்பதியில மொட்டை போட போனாக்கூட டோக்கனோட பிளேடும் நம்ம கையிலதான் குடுக்குறாங்க. கடையில படிகாரக்கட்டி ஒண்ணு இருக்கும் பாருங்க, வெட்டுப்பட்டா தண்ணி தொட்டு தேய்க்கிறது, ஒரே கட்டிய ஊருக்கே தேய்ச்சிக்கிட்டு இருந்தோம், பிளேட மாத்தி என்ன பிரயோஜனம். இப்ப நான் படிகாரத்த பொடி பண்ணி வச்சி பஞ்சுல தொட்டு வைக்கிறேன். நீங்க போற கடையில இன்னும் கட்டியா வச்சிருந்தா வேணாம்னு சொல்லுங்க, கோவிச்சிக்க மாட்டாங்க.

இப்ப கேள்விக்கு வர்றேன், மூஞ்சிக்கு எது நல்லது, கத்தியா பிளாஸ்டிக்கா. ஒரே கூரு இருக்குறதுதான் நல்லது, நான் எந்த கோயில்லயும் சத்தியம் பண்ணுவேன். அது மடக்கு கத்தியோ அரை பிளேடு கத்தியோ. ரெண்டு மூணு பிளேடு அடுக்கி வச்ச ரேசர் என்ன பண்ணுதுன்னா, மொத பிளேடு முடிய கொஞ்சம் வெளிய இழுத்து வெட்டுது, அது உள்ள போறதுக்குள்ள பின்னாடி வர்ற பிளேடு இன்னும் கீழ வெட்டிருது. தடவி பாத்தா வழுவழுன்னு சூப்பரா இருக்கும், ரெண்டு நாள் கழிச்சி பாருங்க, தோலுக்கு அடியில வெட்டுப்பட்ட முடி வெளிய வர வழி தெரியாம உள்ளயே சுருண்டு வளரும், தொண்டையில செவப்பு செவப்பா கட்டி. சுருட்ட முடிக்காரங்களுக்கு இது ரொம்ப ஜாஸ்தி. காலேஜ் பசங்க பரு அண்ணேன்னு வருவாங்க, கழுத்த தூக்கி பாத்தா பரு இல்ல, உள்ள முடி. எத்தன பிளேடு ரேசருன்னு கேட்டா அஞ்சும்பான் பெருமையா.

இன்னொண்ணு, கத்தியில எங்க வெட்டுறோம்னு கண்ணுக்கு தெரியும். மீசை ஓரம், கிருதா, மூக்குக்கு கீழ அந்த குழி, எல்லாத்துலயும் கூரோட நுனி மட்டும் பட்டா போதும். பிளாஸ்டிக் ரேசர்ல தலை மறைச்சிக்கும், குத்துமதிப்பா இழுக்கணும், மீசை ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் எறங்கி கடைசியில சமம் பண்றேன் சமம் பண்றேன்னு மொத்தமா எடுத்துட்டு வந்தவங்க இருக்காங்க. பத்து நாள் தாடி இருந்தா அந்த ரேசரு ரெண்டு இழுப்புல அடைச்சிக்கும், பக்கெட்டுல தட்டு தட்டுன்னு தட்டணும், கத்திய ஒரு தொட தொடச்சா போச்சி.

முடி போற தெசையும் இருக்கு. கன்னத்துல பெரும்பாலும் கீழ பாத்துதான் இருக்கும், தாடைக்கு கீழ அப்படி இல்ல, சிலருக்கு பக்கவாட்டுல போகும், சிலருக்கு காது பக்கத்துலேருந்து தொண்டைக்கு வரும், குரல்வளைகிட்ட தலை சுழி மாதிரியே ஒரு சுழி இருக்கும். மூஞ்சிக்கு சொந்தக்காரனுக்கே அது தெரியாது, நாங்க எடது கை வெரலால தோல இழுத்து புடிக்கிறப்பவே கண்டுபுடிச்சிருவோம். மொதல்ல முடி போற பக்கமே ஒருதடவ, திரும்ப நுரை போட்டு குறுக்கால ஒருதடவ, அவரு கேட்டாத்தான் எதிர்ல. வீட்டுல ரேசர் வச்சிருக்கவங்க எடுத்த எடுப்புலயே எதிர்லதான் போறாங்க, அதுவும் காஞ்ச மூஞ்சியில சோப்ப ஒரு தேய் தேய்ச்சிட்டு. முடி நல்லா நனையணும் சார், ரெண்டு மூணு நிமிஷம் வெந்நி ஒத்தடம் குடுத்தா முடி தண்ணி குடிச்சி மெத்துனு ஆயிரும், பாதி வேலை முடிஞ்சிச்சி. இத பண்ணாம எந்த பிளேட வாங்குனாலும் வீண்.

இவ்ளோ சொல்லிட்டு ஏன் முழுசா வக்காலத்து வாங்கலைன்னு கேப்பீங்க. கட்டுரைய படிச்சிட்டு எல்லாரும் வீட்டுல மடக்கு கத்தி வாங்கி வைக்கணும்னா, வேணாம்னுதான் சொல்லுவேன். எங்க தெருவுல ஒரு தம்பி, ஐடியில இருக்கான், வீட்டுலேருந்தே வேலை. ஆன்லைன்ல கத்தி, வார், கல்லு, பிரஷ்ஷுன்னு செட்டா வாங்கிட்டான், ஆறாயிரத்துக்கு மேல ஆச்சிங்கிறான். வீடியோ பாத்து வலது கன்னம் நல்லா எடுத்துட்டான். எடது கன்னத்துக்கு கைய மாத்தணும், இல்ல அதே கைய மூஞ்சிக்கு குறுக்கால கொண்டு போவணும், அப்ப மணிக்கட்டே கண்ணாடிய மறைச்சிக்கும், கூர் எங்க இருக்குன்னு தெரியாது. கத்திய தோலுக்கு சுமாரா 30 டிகிரியில வைக்கணும், அவன் நிமித்திட்டான். காதுக்கு கீழேருந்து தாடை எலும்பு வரைக்கும் ஒரு கோடு. ஆழம் இல்ல, ஆனா துண்டு பூரா ரத்தம், அவங்கம்மா கத்துன கத்துல தெருவே கூடிருச்சி. பிளாஸ்திரியோட எங்கிட்ட வந்து அண்ணே மீதிய நீங்க எடுத்து விடுங்கன்னு உக்காந்தான். எடுத்து விட்டேன், அந்த கத்தியிலயே. புதுக்கத்தி, ஆனா தீட்டாம வித்திருக்காங்க, சும்மா பாலீஷ்தான் இருந்திச்சி. மழுங்குன கத்திதான் சார் வெட்டும், தீட்டுன கத்தி வழுக்கிட்டு போவும். எங்க தொழில்ல பையன் மொதல்ல பலூன்ல நுரை தடவி பழகணும், அப்பறம் சொந்தக்காரங்க, வெளியாள் மூஞ்சிய தொட ஒரு வருஷம் ஆவும்.

அடுத்தவங்க மூஞ்சியில கத்தி போற மாதிரி நம்ம மூஞ்சியில நம்ம கையாலயே போகாது, அதான் விஷயம். நானே எனக்கு மடக்கு கத்தி போட்டுக்க மாட்டேன். கொழுந்தியா கல்யாணத்துக்கு திருச்சி போயி லாட்ஜ்ல காலைல 4 மணிக்கு, தண்ணி வராம, இருவது ரூவா ரேசர்ல சோப்பு போட்டு இழுத்துட்டு போயி மண்டபத்துல நின்னவன்தான் நானும். அவசரத்துக்கு அது ஓகே, ஃப்ளைட்டுல கையில எடுத்துட்டு போறதுக்கும் அதுதான் விடுவாங்க. ஆனா அவசரத்துக்கு வாங்குனத ரெண்டு மாசம் பாத்ரூம் ஈரத்துல போட்டு வச்சி அதுலயே இழுக்குறதுதான் நம்ம ஆளுங்க வழக்கம். ஒருதடவ போட்டு தூக்கி போடுன்னு பேரு வச்சிருக்கு, நம்மாளு அதுக்கும் பேரப்புள்ள எடுக்க வைப்பான்.

அந்த தூக்கி போடுற யோசனை எங்கேருந்து வந்திச்சின்னு தெரியுமா, சோடா மூடியிலேருந்து. ஜில்லட்டுன்னு பேரு இருக்கே அந்த மனுஷன் அமெரிக்காவுல பாட்டில் மூடி கம்பெனி ஒண்ணுல சேல்ஸ்மேனா இருந்தவரு. அந்த மூடிய கண்டுபுடிச்ச மொதலாளிதான் அவருகிட்ட, ஜனங்க ஒருதடவ யூஸ் பண்ணிட்டு தூக்கி போட்டுட்டு திரும்ப வந்து வாங்குற மாதிரி ஒண்ண கண்டுபுடின்னு சொன்னதா சொல்றாங்க. 1895ல யோசனை வந்து, 1901ல கம்பெனி ஆரம்பிச்சி, 1903ல மொத வருஷ யாவாரம் 51 ரேசர், 168 பிளேடு. என் கடையில மூணு வாரத்துல அவ்ளோ பிளேடு போவும். அப்பறம் மொத உலகப்போர்ல அமெரிக்க பட்டாளத்துக்கே ரேசர் சப்ளை பண்ணி, திரும்பி வந்த சிப்பாய் எல்லாம் வீட்டுலயே சேவிங் பண்ண பழகிட்டான், அந்த ஊரு சலூன்காரன் வயித்துல அன்னிக்கி விழுந்த அடி. எங்களுக்கு அது லாக்டவுன்ல விழுந்திச்சி. 2020ல ரெண்டு மாசம் கடைய பூட்டி வச்சோம், தொறக்குறப்ப பாதி பேரு வீட்டுல ட்ரிம்மர் வந்துருச்சி.

ஆனா அந்த ஜில்லட்டு மொதல்ல வித்தது பிளாஸ்டிக் இல்ல, உலோக ரேசரு, பிளேட மட்டும் மாத்துறது. நம்ம வீட்டுல தாத்தாங்க வச்சிருந்தாங்களே சேவிங் செட்டு, அதே. முழுசா தூக்கி போடுற பிளாஸ்டிக் ரேசரு 1975 வாக்குலதான் கடைக்கே வருது. வீட்டுலயே சேவிங் பண்றவங்க எங்கிட்ட கேட்டா நான் அந்த செட்டத்தான் சொல்லுவேன். ஒரே கூரு, தோல கிழிக்காம தடுப்பு இருக்கு, செட்டு ஒருதடவ வாங்குனா பேரன் வரைக்கும் வரும், பிளேடு ரெண்டு மூணு ரூவா, அஞ்சு சேவிங் தாராளமா வரும். என் யாவாரம் கெடும்னு தெரிஞ்சேதான் சொல்றேன். கத்தி பெருசா பிளாஸ்டிக் பெருசான்னு அடிச்சிக்கிட்டு நடுவுல இருக்கத எல்லாரும் மறந்துட்டாங்க.

கடைசியா ஒரு விஷயம், இதுக்காகத்தான் லெட்டரே போடணும்னு தோணிச்சி. 2019 ஜனவரி 1லேருந்து நம்ம மாநிலத்துல 14 வகை பிளாஸ்டிக் தடை, 2022 ஜூலை 1லேருந்து நாடு பூரா காது குடையுற குச்சி, ஐஸ்கிரீம் குச்சி, ஸ்ட்ரா எல்லாம் தடை. ரேசர் எதுலயும் இல்ல. காது குச்சிய தடை பண்ணிட்டு, கைப்பிடி பூரா பிளாஸ்டிக்கா அதுக்குள்ள இரும்ப பதிச்சி, பிரிச்சி எடுக்கவே முடியாத ஒரு சாமான விட்டுட்டாங்க. பழைய இரும்பு பேப்பர்காரர்கிட்ட குடுத்து பாத்தேன், பிளாஸ்டிக்லயும் சேராது இரும்புலயும் சேராதுன்னு திருப்பி குடுத்துட்டாரு.

எங்க மேலயும் தப்பு இருக்கு, ஒத்துக்குறேன். போன வருஷம் குப்பை எடுக்க வர்ற அக்கா, கையுறை கிழிஞ்சி போச்சி புதுசு தரலைன்னு வெறும் கையில பையை அமுக்குனாங்க, முடியோட முடியா நான் போட்ட அரை பிளேடு ஒண்ணு உள்ளங்கையில ஏறிடிச்சி. அந்தம்மா என்னைய ஒரு வார்த்த சொல்லல, என் கடை பைப்புலயே கழுவிட்டு வண்டிய தள்ளிட்டு போயிட்டாங்க. நான்தான் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போயி ஊசி போட வச்சேன். அன்னிலேருந்து பழைய ஹார்லிக்ஸ் டப்பா மூடியில காசு போடுற உண்டியல் மாதிரி ஒரு கீறல் போட்டு, உருவுன பிளேட எல்லாம் அதுக்குள்ள போடுறேன். அமெரிக்காவுல பழைய வீட்டு பாத்ரூம்ல அலமாரிக்கு பின்னாடி இதே மாதிரி சின்ன ஓட்டை விட்டு, பழைய பிளேடெல்லாம் செவுத்துக்குள்ள விழுற மாதிரி கட்டியிருக்காங்களாம், இப்ப வீட்ட இடிக்கிறவன் தலையில கொட்டுது.

ஒரு நாளைக்கு 20 அரை பிளேடுன்னு வச்சா, எங்க கடைத்தெருவுல மட்டும் 9 சலூன் இருக்கு, நீங்களே கணக்கு போட்டுக்குங்க. ஆஸ்பத்திரி ஊசிய தனியா டப்பா வச்சி எடுத்துட்டு போக வண்டி வருது, எங்க பிளேடுக்கு வண்டி கிடையாது. நகராட்சி ஆபீஸ்ல போயி கேட்டேன், மக்காத குப்பையில போடுங்கன்னாங்க, அந்த பையத்தான அந்தக்கா அமுக்குனாங்கன்னு சொன்னா, எழுதி குடுத்துட்டு போங்கன்னுட்டாங்க. எழுதி குடுத்து ஏழு மாசம் ஆச்சி.

இப்ப எங்கிட்ட மூணு டப்பா ரொம்பி வாய டேப் போட்டு ஒட்டி பீரோவுக்கு கீழ இருக்கு, மேல் தட்டுல அப்பாவோட கத்தி, கீழ இது. அடுத்த வாரம் நாலாவது டப்பாவும் ரொம்பிரும். எங்க கொண்டு போயி குடுக்கணும்னு யாருக்காச்சும் தெரிஞ்சா நம்ம பேப்பர்லயே போட்டு விடுங்க, பாத்துக்குறேன்.

இப்படிக்கு,
ஒரு சலூன்காரன்,
மன்னார்குடி.